ஒரு வருடத் தலைவர், ஆறு வருடப் பிள்ளை: தோட்டப்புறச் சேவை மன்றம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் ஆண்டு பிறப்பது ஜூலை 1-ஆம் தேதி. அன்று பழைய தலைவர் இறங்குவார், புதியவருக்கு மாலை விழும், செயலவை மாறும், வரவு செலவுத் திட்டமும் புதிதாக எழுதப்படும். மலேசியப் பள்ளிகளுக்கு நெடுங்காலமாக ஜனவரியில்தான் தொடக்கம். பெருந்தொற்றுக்குப் பின் சில ஆண்டுகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போய், 2026-இல் மறுபடி ஜனவரிக்கு வந்திருக்கிறது. ஆக, மன்றத்தில் தலைமை மாறும்போது பள்ளிப் பிள்ளை பாதி வருடத்தில் நிற்கும். இந்த ஆறு மாத இடைவெளிதான் நான் எழுதப்போகும் மன்றத்தின் கதையில் பெரும்பகுதி.

மன்றம் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருக்கிறது. ஊரையும் மன்றத்தையும் அதற்குமேல் அடையாளம் காட்ட வேண்டாம் என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டார்கள். கூட்டக் குறிப்பேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் தாராளமாகக் காட்டினார்கள். நான் உறுப்பினன் அல்ல. புதிதாகத் தொண்டு தொடங்கும் இளைஞர் குழுக்களுக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன். தலைவர்களின் படங்கள் மாட்டிய சுவரை வைத்து ஒரு மன்றத்தின் வரலாற்றை எழுதுவது எளிது. நான் கணக்குப் புத்தகத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஊர்

இந்த வட்டாரத்தை வெளியுலகம் முதலில் அறிந்தது துப்பாக்கிச் சத்தத்தால். 1948 ஜூன் 16-இல் இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட அதுவே வழிவைத்தது. பிறகு மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனின் தொகுதியாகப் பெயர் பெற்றது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் வழக்கம் பரவியபோது, தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். எல்பில், டோவன்பி, ஹீவூட், கமுனிங் என்று வெள்ளைக்காரப் பெயரும் மலாய்ப் பெயருமாகத் தோட்டங்கள் ஊரைச் சுற்றிக் கிடந்தன. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆள் குறைந்தது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரு சட்டத்தை நினைவில் வைக்க வேண்டும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு. தோட்டத்துக்கு ஒரு தமிழ்ப்பள்ளி வந்தது அதனால்தான். பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் ஆறாம் வகுப்பு வரை பிள்ளை நடந்தே போய் வந்தது. அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளி பட்டணத்தில். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிற பிள்ளைக்கு முதல் ஆண்டு புகுமுக வகுப்பு, அதன்பின் படிவம் ஒன்று முதல் ஐந்து வரை. மொத்தம் ஆறு வருடம். 2003-இலிருந்து தொடக்கக் கல்வி கட்டாயம் ஆனபோதும் இந்த ஆறு வருடத்துக்கு அப்போது அந்தக் கட்டாயம் வரவில்லை.

அன்பளிப்புக் காலம்

மன்றம் எழுபதுகளில் தொடங்கியது. டாக்டர், வழக்கறிஞர், தோட்ட நிர்வாகி, மளிகைக் கடைத் தவுக்கே (முதலாளி), ஒரு தலைமையாசிரியர் என்று மூவினத்தாரும் கலந்த கூட்டம். கூட்டமும் குறிப்பேடும் ஆங்கிலத்தில்தான். முதல் பதினைந்து வருடக் கணக்கைப் புரட்டினால் தீபாவளிக்கு அரிசி மூட்டை, ஜனவரிக்குப் பள்ளிப் பை, வெள்ளைக் காலணி, பிள்ளைகளுக்கு ஈப்போ சுற்றுலா. பத்திரிகையில் வந்த படங்களை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தை நீட்டி எழுத எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கொடுத்தார்கள், வாங்கினார்கள், நன்றி சொன்னார்கள்.

கண்ணாடித் திட்டம் மட்டும் கொஞ்சம் வேறு. 1925-இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்குத் துணை நிற்கும்படி கேட்டுக்கொண்ட நாளிலிருந்து, சேவை மன்றம் என்றாலே கண் பரிசோதனை என்று ஆகிவிட்டது. இங்கேயும் வருடத்துக்கு ஒரு தோட்டப்பள்ளி. சுவரில் எழுத்துப் பலகை மாட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இலவசக் கண்ணாடி. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் ஓர் ஆசிரியை எழுதிய கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது. போன வருடம் கொடுத்த கண்ணாடிகளைப் பிள்ளைகள் போடுவதில்லை என்கிறார். ஒருவனுக்கு மூக்கில் நிற்கவில்லை. ஒருத்தியை மற்றவர்கள் ‘நாலு கண்ணு’ என்றதால் பைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். ஒருவனுடையது பந்து பட்டுக் கால் உடைந்து, ரப்பர் நாடாவால் கட்டியிருக்கிறான். வளரும் பிள்ளைக்குக் கண்ணின் பவரும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வருடக் கண்ணாடி அடுத்த வருடம் சரிப்படாது. மன்றமோ அடுத்த வருடம் வேறொரு பள்ளிக்குப் போயிருந்தது.

கடிதத்தின் ஓரத்தில் ‘அடுத்த செயலவைக்கு’ என்று யாரோ பென்சிலில் குறித்திருக்கிறார்கள். அடுத்த செயலவையின் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. வந்தவருக்கு அது இன்னொருவருடைய திட்டம்.

பஸ் காசு

ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் மூன்றும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது எண்பதுகளின் இறுதியில். பெண்களைச் சேர்ப்பது பற்றிய அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1987-இல் வந்தது. இந்த மன்றத்தில் அதற்குப் பிறகு ஒரு தாதியும் இரண்டு ஆசிரியைகளும் சேர்ந்தார்கள். குறிப்பேடுகளில் ‘ஏன்’ என்ற கேள்வி முதல்முதலாகத் தென்படுவது அப்போதுதான். பெண் பிள்ளைகள் ஏன் புகுமுக வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்று தாதி கேட்டிருக்கிறார்.

தாய்மார்களிடம் பதில் இருந்தது. கீழ்ப் படிவங்களுக்கு மாலைப் பள்ளி. பள்ளி விடும்போது ஆறரை தாண்டும். பஸ் பெரிய ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து லயத்துக்கு மூன்று கட்டை (மைல்) தூரம், இரண்டு பக்கமும் செம்பனை, விளக்குக் கிடையாது. “வயசுக்கு வந்த புள்ளைய அந்த இருட்டுல எப்படிங்க விடுறது? காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு) போற ஆளு நானு, சாயங்காலம் ரோட்டுல போயி நிக்க முடியுமா?” என்று ஒரு தாய் சொன்னதைத் தாதி அப்படியே தமிழில் எழுதி, ஆங்கிலக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.

மன்றம் அதுவரை யோசித்தது உபகாரச் சம்பளத்தைத்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குச் சான்றிதழோடு ஒரு தொகை. தாதியும் தவுக்கேயும் சேர்ந்து வேறொன்று சொன்னார்கள்: லய வாசலில் ஏற்றி லய வாசலில் இறக்கும் வேன் ஒன்று, மாதாமாதம். நன்றாகப் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஏறலாம்.

முதலில் வேன் கூலியைப் பெற்றோர் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். வேன்காரருக்கு அது போய்ச் சேரவில்லை. சம்சுச் சாராயத்துக்குப் போய்விட்டது என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, தவுக்கே மறுத்தார். கடைக்கடனுக்குப் போனது என்றார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா, கடன் அவர் கடையில்தானே! அதன்பின் மன்றமே வேன்காரருக்கு நேராகக் கொடுத்தது. பிள்ளைகள் நிலைத்தார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு ஜூலை. புதிதாக வந்த தலைவர் முதியோர் இல்லத்துக்குக் கூரை போடுவதைத் தம் ஆண்டின் திட்டமாக அறிவித்தார். நியாயமான திட்டம்தான். வேனை நிறுத்த வேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை. புதிய வரவு செலவுத் திட்டத்தில் அது எழுதப்படவில்லை, அவ்வளவே. வேன்காரர் ஒரு மாதம் கடனுக்கு ஓட்டினார். ஆகஸ்டில் நிறுத்தினார். தலைமையாசிரியர் வழியாகச் செய்தி மன்றத்துக்கு எட்டியபோது ஆண்டிறுதித் தேர்வே நெருங்கிவிட்டது. சில பிள்ளைகள் பள்ளியை விட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பையனைப் பட்டணத்தில் கார் கழுவும் கடையில் தவுக்கே பார்த்திருக்கிறார். “அங்கள், வேன் திரும்ப வருமா?” என்று கேட்டானாம். வந்தது, ஜனவரியில். அவன் ஏறவில்லை. கையில் நாள்கூலி பார்த்துவிட்ட பையனை அந்த வயதில் திருப்புவது கடினம்.

தவுக்கே அடுத்த கூட்டத்தில் பேசியதை இன்றும் மூத்தவர்கள் சொல்கிறார்கள். தமிழில்தான் பேசினாராம்: “தலைவர் வருசா வருசம் மாறட்டும். வேனுக்கு மாசா மாசம் எண்ணெய் ஊத்தணும்.”

விதி

அதன்பின் மன்றம் செய்துகொண்ட ஏற்பாட்டைத்தான் மற்றக் குழுக்கள் கவனிக்க வேண்டும் என்பேன். பிள்ளைகளுக்கான பணத்துக்கு வங்கியில் தனிக் கணக்குத் திறந்தார்கள். அதில் கையெழுத்துப் போடும் இருவரில் நடப்புத் தலைவர் இருக்கக்கூடாது. கணக்கு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, பள்ளியோடு ஒத்துப்போகும்படி. ஐந்து பேர் கொண்ட நிரந்தரக் குழு. உள்ளே வருகிறவர் ஆறு வருடம் இருப்பதாக ஒப்புக்கொண்டுதான் வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: ஒரு பிள்ளையை எடுத்தால், அந்தப் பிள்ளையின் ஆறு வருட வேன் கூலியும் கணக்கில் ஏற்கனவே இருக்க வேண்டும்.

கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு. இருக்கிற பணத்தை ஆறால் வகுத்தால் எடுக்கக்கூடிய பிள்ளைகள் சொற்பம். வாசலில் பிள்ளைகள் நிற்கையில் வங்கியில் பணத்தைப் பூட்டி வைப்பது என்ன சேவை என்று ஒருவர் கேட்டுவிட்டு மன்றத்தை விட்டே போனார். அவர் கேட்டதில் தப்பில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெயர்களும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது விதியை ஆதரிப்பது சுலபமாக இல்லை. ஆனாலும் நான் விதியின் பக்கம். பாதியில் நின்ற வேன், வராத வேனைவிட அதிகம் கெடுத்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஒருமுறை ஏமாந்த தாய் இரண்டாம் முறை பிள்ளையை நம்பி அனுப்புவதில்லை.

கண்ணாடியும் இந்தக் குழுவுக்கு மாறியது. ஒரே நாள் முகாமைக் கைவிட்டு, பட்டணத்துக் கண்ணாடிக் கடை ஒன்றோடு பேசி வைத்தார்கள். பள்ளி கொடுக்கும் சீட்டைக் கொண்டுபோனால் வருடம் முழுக்க எப்போது வேண்டுமானாலும் கால் மாற்றலாம், பவர் பார்க்கலாம். பிள்ளையே கண்ணாடிச் சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டக் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரிதான். எந்தத் தலைவரின் ஆண்டறிக்கையிலும் இது சாதனையாக வரவில்லை.

சிவப்பு ஐசி

2011 பிப்ரவரியில் அரசாங்கம் மைடஃப்தார் இயக்கத்தை நடத்தியபோது, பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய ஊர் ஊராக முகாம் போட்டார்கள். இந்த மன்றமும் ஒரு மேசை போட்டு உதவியது. வந்த கூட்டத்தைப் பார்த்து உறுப்பினர்களே திகைத்தார்கள். மனு எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்ததாக நினைத்தவர்கள் பலர். ஜூலை வந்தது, புதுத் தலைவர் வந்தார். மன்றம் வைத்துக்கொண்ட நகல்கள் ஓர் அட்டைப் பெட்டியில் சேமிப்பறைக்குப் போயின. நிரந்தரக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர்தான் அந்தப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போனார். கிராணியாக இருந்தவருக்குக் காகிதம் பழகிய உயிர்.

அதில் ஒரு மனுவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சிறுமி, அப்போது நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு நீல ஐசி, அதாவது குடிமகனின் அடையாள அட்டை. அம்மாவுக்கு ஐசியே இல்லை. லயத்தில் மருத்துவச்சி பார்த்துப் பிறந்தவர், யாரும் போய்ப் பதியவில்லை. ஐசி இல்லாததால் கோயிலில் நடந்த கல்யாணத்தையும் பதிய முடியவில்லை. 1982 மார்ச் 1-இலிருந்து நடப்பில் உள்ள திருமணச் சட்டத்தின்கீழ் பதியாத கல்யாணத்தைப் பதிவிலாகா கணக்கில் எடுப்பதில்லை. அப்படியானால் பிள்ளைக்கு அப்பாவின் குடியுரிமை போகாது. கூட்டரசு அரசமைப்பு தாயைத்தான் பார்க்கும். தாய்க்கோ காகிதமே கிடையாது. சிறுமியின் சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) ‘பூக்கான் வார்கானெகாரா’ என்று விழுந்திருந்தது. குடியுரிமை இல்லாதவள். பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் மைகார்ட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது இவள் போக முடியாது.

பலரும் நேராகச் சிறுமிக்கே குடியுரிமை கேட்டு மனுப் போடுவார்கள். அரசமைப்பின் 15ஏ பிரிவு அதற்கு இடம் தருகிறது. சிறப்புச் சூழல் இருந்தால் அரசாங்கம் தன் விருப்பப்படி வழங்கலாம். விருப்பப்படி என்பதால் வருடக்கணக்காகக் காத்திருந்து, காரணம் சொல்லாத மறுப்புக் கடிதம் பெற்றவர்கள் உண்டு. கிராணி வேறு வழி பார்த்தார். பாட்டியைப் பிடித்தார்.

“அம்மா, உங்ககிட்ட ஐசி இருக்கா?”

“இருக்கு ஐயா. ஆனா சிவப்பு. அது எதுக்கு ஆகும்? சிவப்புன்னாலே தள்ளி நில்லுன்னுதான சொல்றாங்க.”

சிவப்பு ஐசி நிரந்தரவாசிக்கு. குடிமகன் சலுகைகள் பல அதற்குக் கிடையாது என்பதால் பாட்டி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஆனால் அம்மா பிறந்த காலத்துச் சட்டம் இன்னொன்றும் சொன்னது: இந்நாட்டில் பிறந்தவரின் பெற்றோரில் ஒருவர், அந்தப் பிறப்பின்போது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், பிறந்தவர் சட்டப்படியே குடிமகன். பாட்டி நிரந்தரவாசி. ஆக, அம்மா பிறந்தது இந்நாட்டில்தான், பெற்றது இந்தப் பாட்டிதான் என்று காட்டிவிட்டால் அம்மா குடிமகள். அம்மா குடிமகள் என்றால், தாயைப் பார்த்தே தீர்மானிக்கப்படும் சிறுமியும் குடிமகள். யாருடைய கருணையும் தேவையில்லை.

காட்டுவதற்கு என்ன இருந்தது? மருத்துவச்சி இறந்துவிட்டார். தோட்ட ஆஸ்பத்திரி மூடிப் பல காலம்; டிரெசர் (மருத்துவ உதவியாளர்) வைத்திருந்த புத்தகம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அம்மா மூன்றாம் வகுப்பு வரை தோட்டப்பள்ளியில் படித்திருந்தார். தோட்டம் கைமாறியபோது பள்ளி பட்டணத்தோரம் இடம் மாறியது. புதிய கட்டடத்தில், நூலகத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி. பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் சில கறையானுக்குப் போயிருந்தன. கிராணி தேடிய ஆண்டு தப்பியிருந்தது. நீல மையில், அன்றைய தலைமையாசிரியரின் சாய்ந்த கையெழுத்தில் பிள்ளை பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரும் லய எண்ணும், தாயின் பெயர், தாயின் ஐசி எண். பாட்டியின் சிவப்பு ஐசியில் இருந்த அதே எண்.

அதோடு முடியவில்லை. தேசியப் பதிவிலாகா முதல் முறை மனுவைத் திருப்பியது. பாட்டியின் பெயர் பதிவேட்டில் ஒரு விதம், ஐசியில் ஒரு விதம், பேரப்பிள்ளையின் பத்திரத்தில் இன்னொரு விதம். தமிழ்ப் பெயரை மலாய் எழுத்துக்கூட்டில் ஆளுக்கொரு மாதிரி எழுதியதன் பலன் இது. தோட்டப்புறத்தில் இந்தச் சிக்கல் இல்லாத குடும்பம் அரிது. மூன்றும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. அம்மா பிறந்ததை அறிந்த பழைய லயத்துக்காரர்கள் இருவரைத் தேட வேண்டியிருந்தது. ஒருவர் கிள்ளானுக்குக் குடிபோயிருந்தார். அவருக்கு ஒரு நாள் கூலியையும் பஸ் டிக்கெட்டையும் குழு கொடுத்தது. கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவினம் ‘சாட்சி — பஸ், சாப்பாடு’ என்றிருக்கிறது. அரிசி மூட்டைக்கு ஆன செலவில் இது ஒரு மூலைக்கும் வராது.

அம்மாவுக்குக் காலங்கடந்த பிறப்புப் பதிவு கிடைத்தது, பிறகு நீல ஐசி. சிறுமியின் பத்திரம் திருத்தப்பட்டபோது அவள் இடைநிலைப்பள்ளியில் இருந்தாள். இதற்குள் மன்றத்தில் தலைவர்கள் பலர் மாறிவிட்டார்கள். கோப்பை வைத்திருந்தவர் மட்டும் மாறவில்லை.

இதே வழி எல்லாருக்கும் பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டியிடமும் காகிதம் இல்லாத குடும்பங்கள் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. தத்துப் பிள்ளைகளின் மனுக்கள் தனிச் சிக்கல். பெற்றவர் யாரென்றே தெரியாத இடத்தில் கிராணியின் சாமர்த்தியம் செல்லாது. 15ஏ மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள்.

இப்போது

வேனில் இன்று லயத்துப் பிள்ளைகள் குறைவு. குடும்பங்கள் பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. அங்கிருந்து பள்ளிக்கு நடக்கலாம். தனிக் கணக்கில் பணம் மிஞ்சத் தொடங்கியிருக்கிறது. மிஞ்சிய பணத்தை ஒரு தலைவர் மன்றக் கட்டடத்துக்குக் கேட்டார், குழு மறுத்தது. அந்தச் சச்சரவு ஆறவில்லை.

லயங்கள் ஒரேயடியாகக் காலியாகவும் இல்லை. இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். சிலருக்கு அங்கேயே பிள்ளைகளும் பிறந்திருக்கிறார்கள். பழைய ஆயாக்கொட்டகைக்கு முன்னால் விளையாடுகிற அந்தப் பிள்ளைகளைப் பற்றி நிரந்தரக் குழுவில் பேச்சு எழுந்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர், நம் பிள்ளைகளுக்கே இன்னும் முடியவில்லை என்றார். கிராணி, சிவப்பு ஐசிப் பாட்டியின் அப்பாவும் கப்பலில் வந்தவர்தானே என்றார். இருவரும் அதன்பின் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வி.

அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு வேன் உதவாது. அவர்களுக்கு வேண்டியது வாரத்தில் சில நாளாவது எழுத்துக் கற்றுத்தர ஓரிடமும், நிலைத்து நிற்கும் ஓர் ஆசிரியரும். அதற்கு எத்தனை வருடம் பிடிக்கும் என்று யாராலும் கணக்குப் போட முடியவில்லை, ஆறு வருட விதி இங்கே பொருந்தவில்லை. இந்த ஆண்டுத் தலைவர் ஆர்வமாக இருக்கிறார். ஜூலைக்கு முன் ஒரு வகுப்பைத் திறந்துவிடலாம் என்கிறார். என்னைக் கேட்டபோது, அவர் இறங்கிய பிறகு யார் சாவி வைத்திருப்பார் என்று எழுதிவிட்டுத் திறக்கும்படி சொன்னேன். குழு அதை இன்னும் முடிவு செய்யவில்லை.